தி.நகரில் இருக்கும் அந்த 'தி' யார்? பிட்டி தியாகராயர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தி.நகர், தியாகராய நகர் என்கிறோமே, அது திருவையாறு தியாகராஜர் பெயரா?

இல்லை. மார்கழிக் கச்சேரி பார்க்க வருபவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். கீர்த்தனை எழுதிய தியாகராஜருக்கும் தங்க நகைக் கடைகள் நிறைந்த இந்தப் பேட்டைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. பெயருக்குரியவர் சர் பிட்டி தியாகராயர். நெசவும் தோலும் உப்பும் சுண்ணாம்பும் விற்ற வியாபாரி. ஏறக்குறைய நாற்பது ஆண்டு சென்னை மாநகராட்சியில் உறுப்பினராக இருந்தவர், நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

அப்படியானால் அவர் தி.நகர்க்காரரா?

அதுவும் இல்லை. அவர் முழுக்க முழுக்க வடசென்னைக்காரர். 1852 ஏப்ரல் 27 அன்று கொருக்குப்பேட்டையில் பிறந்தார். தொழில், வீடு, உறவு, ஓட்டுப் போட்டவர்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான். இன்றைய தி.நகர் இருக்கும் இடம் அவர் வாழ்நாளில் பெரும்பகுதி மாம்பலம் ஏரியும் வயலுமாகத்தான் கிடந்தது. 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியில் ஏரியை வடித்து மனை பிரித்தபோது புது நகருக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

அந்தப் பேட்டையின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் நீதிக்கட்சிக் கூட்டத்தின் வருகைப் பதிவேடு மாதிரி இருக்கும். பனகல் பூங்கா, நடேசன் பூங்கா, டாக்டர் நாயர் சாலை, உஸ்மான் சாலை, ஜி.என். செட்டி சாலை, தணிகாசலம் சாலை எல்லாம் அந்த வட்டத்து ஆட்கள். தெருப் பலகைகளில் சாதிப் பெயர்களை நீக்கியபோது டாக்டர் நாயர் சாலை வெறும் 'டாக்டர் சாலை' ஆகிப்போன கூத்தும் நடந்தது. எந்த டாக்டர் என்று புதிதாக வருபவர் கேட்டால் யார் பதில் சொல்வது?

'பிட்டி' என்றால் என்ன? தியாகராயரா, தியாகராஜரா?

பிட்டி என்பது வீட்டுப் பெயர். தெலுங்கு பேசும் தேவாங்கர் குடும்பம் அவருடையது. தேவாங்கர் பரம்பரையாக நெசவு செய்த சமூகம். தெலுங்குக் குடும்பங்களில் வீட்டுப் பெயர் முன்னால் வரும். அவர் இனிஷியலில் 'பி' அதுதான், அப்பா பெயர் இல்லை. பழைய ஆவணங்களில் 'பி. தியாகராய செட்டி' என்று இருக்கும். இப்போது தமிழில் தியாகராயர் என்று எழுதுவதே வழக்கம். 'தியாகராஜ' என்று எழுதினால் முதல் கேள்வியில் சொன்ன குழப்பத்துக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்.

என்ன தொழில் செய்தார்?

நெசவு, தோல் பதனிடுதல், உப்பு, சுண்ணாம்புக் காளவாய், அதாவது சுண்ணாம்புச் சூளை. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டு வடசென்னையே கண்ணில் வந்து நிற்கும்.

அந்தப் பக்கம் துணியை நம்பி உருவான ஊர். கிழக்கிந்தியக் கம்பெனி வந்ததே துணிக்காக. நெய்த துணியை வெளுப்பவர்கள் குடியிருந்ததால் வண்ணாரப்பேட்டை. ஜோசப் காலெட் என்ற ஆளுநர் 1710-களின் கடைசியில் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் அவர் பெயரால் காலெட்பேட்டை ஆகி, நம் வாயில் காலாடிப்பேட்டை ஆனது. செங்கல் சூளை இருந்த இடம் சூளை. கிளிஞ்சலும் உப்பும் விறகும் பக்கிங்காம் கால்வாயில் படகில் வந்து இறங்கும்; உப்பு சேர்ந்த இடத்துக்கு சால்ட் கோட்டர்ஸ் என்ற பெயர் ரயில்வே யார்டில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் படகும் காளவாயும் தறியும் சேர்ந்த உலகத்தில் ஒரு குடும்பம் நான்கு தொழிலையும் கையில் வைத்திருந்தது என்றால் அது பெரிய கைதான்.

இதில் தியாகராயருக்குப் பிடித்தது நெசவு என்று தோன்றுகிறது. சுமார் நூறு கைத்தறிகளை ஒரே கூரைக்குக் கீழ் வைத்து நெசவுச் சாலை நடத்தினார். இதன் பெருமை இன்று நமக்குச் சட்டென்று புரியாது. அந்தக் காலத்து நெசவாளர் தன் வீட்டில், தன் குழித்தறியில், வியாபாரி கொடுத்த நூலில் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். ஊடு நூல் சுற்றிய நாடாவைக் கையால் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு எறிந்து பிடிக்க வேண்டும். கயிற்றைச் சுண்டினால் நாடா தானே ஓடும் தறி வந்தபோது ஒருவர் ஒரு நாளில் நெய்யும் அளவு நன்றாகக் கூடியது. அரசாங்கத் தரப்பில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1906-ல் சேலத்தில் நெசவுச் சாலை தொடங்கி இந்தச் சோதனைகளைச் செய்துகொண்டிருந்தார். தன் சொந்தப் பணத்தில் தறிகளைத் தொழிற்சாலை முறைக்குக் கொண்டுவந்த சில இந்தியர்களில் தியாகராயரும் ஒருவர்.

பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்காம் மில்லும் கர்நாடிக் மில்லும் நீராவியில் ஓடிக்கொண்டிருந்த காலம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கூப்பிடு தூரத்தில் அவ்வளவு பெரிய மில் இருக்கும்போது கைத்தறியில் பணம் போட அசாத்திய நம்பிக்கை வேண்டும். இல்லையென்றால் சாதித் தொழில் மீது விடாத பிடிப்பு வேண்டும். அவரிடம் இரண்டும் இருந்தன.

தென்னிந்திய வர்த்தக சங்கம் 1909-ல் உருவானதிலும் அவர் முன்னணியில் நின்றார். அதுவரை சென்னையில் வியாபாரிகள் சங்கம் என்றால் வெள்ளைக்காரர்கள் சங்கம்தான்.

படித்தவரா?

ஆம். மாநிலக் கல்லூரியில் பி.ஏ., 1876. அந்தக் காலத்தில் பி.ஏ. முடித்தவர்கள் வக்கீலாகவோ தாசில்தாராகவோ போவார்கள். இவர் அப்பாவின் தொழிலுக்குத் திரும்பினார். பின்னாளில் வக்கீல்கள் நிறைந்த அரசியலில் அவர் தனியாகத் தெரிந்ததற்கு இது ஒரு காரணம்.

ஒரு வியாபாரிக்கு மாநகராட்சியில் என்ன வேலை?

என்னைக் கேட்டால் அவரைப் புரிந்துகொள்ள இதுதான் சரியான வாசல். கட்சித் தலைவர் என்பது அவர் வாழ்க்கையின் கடைசி ஒன்பது ஆண்டு. மாநகராட்சி உறுப்பினர் என்பது நாற்பது ஆண்டு. 1882-ல் உள்ளே போனார். 1922 வரை, ரிப்பன் மாளிகை கட்டுவதற்கு முன்பு எர்ரபாலு செட்டி தெருவில் அலுவலகம் இருந்த காலம் தொட்டு, உட்கார்ந்திருந்தார்.

காளவாய்ப் புகை, தோல் ஊறவைக்கும் தண்ணீர், பாரவண்டி போகும் ரோடு, கிடங்குக்கு வரி என்று எந்தத் தொழிலை எடுத்தாலும் கார்ப்பரேஷன் வந்து நிற்கும். லைசென்ஸ் கொடுப்பதும் அவர்கள், வரி போடுவதும் அவர்கள், சாக்கடை வெட்டாமல் விடுவதும் அவர்கள். கோட்டையில் இருக்கும் ஆளுநரை வருஷத்துக்கு ஒரு தரம் தூரத்தில் பார்த்தால் உண்டு. சுகாதார இன்ஸ்பெக்டரோ வாராவாரம் வருவார். அப்படிப்பட்ட தொழில்காரர் மாநகராட்சிக்குள் போய் உட்கார நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. ஆரம்பத்தில் சொந்த வசதிக்காகவே போயிருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். சொந்த வசதிக்காகப் போனவர் நாற்பது வருஷம் குழாயையும் குப்பையையும் பற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க மாட்டார், அவ்வளவுதான்.

அப்போதே தேர்தல் இருந்ததா?

இருந்தது, ஆனால் எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. வரி கட்டுபவர்களுக்குத்தான். சொத்து இருப்பவர், தொழில் வரி கட்டுபவர் என்று ஒரு சிறு கூட்டம் வாக்களிக்கும். சில உறுப்பினர்களை அரசாங்கம் நியமிக்கும். தலைமை நாற்காலியில் அரசாங்க அதிகாரி இருப்பார். 1919-ல் வந்த சென்னை நகர முனிசிபல் சட்டம்தான் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்தது. அதன்படி அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் அதிகாரியல்லாதவர் தியாகராயர்.

அவர்தான் சென்னையின் முதல் இந்திய மேயரா?

சில இடங்களில் அப்படி எழுதுகிறார்கள். அவர் காலத்தில் பதவியின் பெயர் 'பிரசிடெண்ட்', அதாவது தலைவர். மேயர் என்ற பட்டம் 1933-ல் திரும்ப வந்தது. அதில் முதலாவது எம்.ஏ. முத்தையா செட்டியார். 'திரும்ப' என்று சொல்வதற்குக் காரணம், 1688-ல் கார்ப்பரேஷன் தொடங்கியபோதே மேயர் இருந்தார். நத்தானியேல் ஹிக்கின்சன் என்ற ஆங்கிலேயர்.

காங்கிரசில் இருந்தவர் என்கிறார்களே?

1916 வரை அந்தப் பக்கம்தான். சென்னை மகாஜன சபை, காங்கிரஸ் என்று அன்றைய படித்த இந்தியர்கள் கூடிய இடங்களில் அவரும் இருந்தார். திடீரென்று ஒரு நாள் மனம் மாறியதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

1916-ல் என்ன நடந்தது என்று வரிசையாகப் பாருங்கள். இம்பீரியல் சட்டசபைத் தேர்தலில் டாக்டர் டி.எம். நாயர், வி.எஸ். சீனிவாச சாஸ்திரியிடம் தோற்றார். பின்னாளில் பனகல் அரசர் ஆன ராமராயநிங்கார், கே.வி. ரங்கசாமி அய்யங்காரிடம் தோற்றார். அதே ஆண்டு உள்ளூர்த் தேர்தலில் தியாகராயரும் தோற்றார். மூவரையும் தோற்கடித்தவர்கள் பிராமண வேட்பாளர்கள். செப்டம்பரில் அன்னி பெசண்ட் ஹோம் ரூல் லீக் தொடங்கினார். சுயாட்சி வரப்போகிறது என்ற பேச்சு பலமாக இருந்தது. வந்தால் யார் கைக்கு வரும் என்ற கேள்வி, தோற்றுப்போய் உட்கார்ந்திருந்த இவர்களுக்கு உறுத்தியது.

நவம்பர் 20 அன்று வேப்பேரியில் எதிராஜ முதலியார் வீட்டில் முப்பது பேர் போலக் கூடினார்கள். தென்னிந்திய நல உரிமைச் சங்கத்துக்கு அங்கேதான் அடி போடப்பட்டது. பத்திரிகை நடத்த ஒரு கூட்டுப் பங்கு கம்பெனியும் தொடங்கினார்கள். இதில் வியாபாரி மூளை தெரிகிறது பாருங்கள்: கட்சி தொடங்கும்போதே பங்கு விற்று அச்சகத்துக்குப் பணம் சேர்க்கிறார்கள். 1917 பிப்ரவரியில் 'ஜஸ்டிஸ்' ஆங்கில நாளேடு நாயரை ஆசிரியராகக் கொண்டு வந்தது. தமிழுக்கு 'திராவிடன்', தெலுங்குக்கு 'ஆந்திர பிரகாசிகா'. சங்கத்தின் நீளமான பெயரை யாரும் சொல்லவில்லை. பத்திரிகைப் பெயரே கட்சிப் பெயராகி, நீதிக்கட்சி என்று நின்றுவிட்டது.

கோவில் கும்பாபிஷேகத்தில் அவமானப்பட்டதால்தான் கட்சி தொடங்கினார் என்ற கதை?

மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுவது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவில் குடமுழுக்குக்கு ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்தவரை மேடையில் ஏற்றவில்லை, அவரிடம் வேலை பார்த்த பிராமணர் மேடையில் இருந்தார் என்பது கதையின் சாரம். அந்தக் காலத்துக் கோவில் வழக்கத்துக்குப் பொருந்தாத சம்பவம் அல்ல. ஆனால் 64 வயதில், நாற்பது வருஷ வியாபார அனுபவம் உள்ளவர் ஒரே ஒரு நாற்காலிக்காகக் கட்சி தொடங்கினார் என்று சொன்னால் அவரைச் சின்னதாக்குவது போல இருக்கிறது. முந்தைய பதிலில் சொன்ன தேர்தல் கணக்கையும் அடுத்த பதிலில் வரும் வேலைவாய்ப்புக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் முழுதாகும்.

பிராமணரல்லாதார் அறிக்கை அவர் எழுதியதா?

1916 டிசம்பரில் அவர் கையெழுத்தில் வெளிவந்தது. அதைப் படிக்கும்போது பேரேடு பார்ப்பது போலத்தான் இருக்கும். உணர்ச்சி குறைவு, எண்கள் அதிகம். மாகாணத்தின் மக்கள்தொகை 4 கோடியே 15 லட்சம், அதில் 4 கோடிக்குக் குறையாதவர்கள் பிராமணரல்லாதார் என்று தொடங்கி, 1892 முதல் 1904 வரை மாகாண சிவில் சர்வீஸ் போட்டித் தேர்வில் தேறிய 16 பேரில் 15 பேர் பிராமணர் என்று எடுத்துவைக்கிறது. இந்தப் புள்ளிவிவரங்கள் அவர்கள் கண்டுபிடித்தவை அல்ல. அலெக்சாண்டர் கார்டியு என்ற அதிகாரி, அரசுப் பணிகளை ஆராய்ந்த ராயல் கமிஷன் முன் வைத்த சாட்சியத்திலேயே இருந்தவை. அதை மக்கள் பேச்சாக்கியது அறிக்கை. ஹோம் ரூல் இப்போதே வேண்டாம், முதலில் எல்லாச் சமூகத்துக்கும் உரிய பங்கு என்பது அதன் நிலை. இதற்காக அவருக்குக் கிடைத்த வசவு கொஞ்சநஞ்சம் அல்ல.

டாக்டர் நாயரும் இவரும் நண்பர்களா?

நீண்ட நாள் எதிரிகள் என்பதே சரி. இருவரும் மாநகராட்சி உறுப்பினர்கள். நாயர் திருவல்லிக்கேணிப் பிரதிநிதி. பார்த்தசாரதி கோவில் குளத்தை வைத்து எழுந்த விவகாரத்தில் கடுமையாக முறைத்துக்கொண்டார்கள். நாயர் எடின்பரோவில் மருத்துவம் படித்தவர், நாக்கில் கத்தி வைத்திருந்தவர். தியாகராயர் பழைமையில் ஊறியவர்.

இவர்களைச் சேர்த்துவைத்த பெருமை டாக்டர் சி. நடேச முதலியாருடையது. 1912-ல் அவர் தொடங்கிய சங்கம்தான் பின்னால் திராவிடர் சங்கமாக மாறியது. வெளியூரிலிருந்து படிக்க வரும் பிள்ளைகள் தங்க திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் என்ற விடுதியையும் நடத்தினார். மூவரில் குறைவாகப் பேசப்படுபவர் அவர். அவர் இல்லாமல் மற்ற இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். நாயர் 1919 ஜூலையில் லண்டனில் இறந்துபோனார். அதன்பிறகு பாரம் முழுக்கத் தியாகராயர் தோளில்.

முதலமைச்சர் பதவியை வேண்டாம் என்றாரா?

ஆம். இரட்டை ஆட்சி முறையில் 1920 இறுதியில் நடந்த முதல் தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்தது. நீதிக்கட்சி 98 தேர்தல் இடங்களில் 63-ஐப் பிடித்தது. ஆளுநர் வில்லிங்டன் கட்சித் தலைவர் என்ற முறையில் தியாகராயரை அழைத்தார். அவர் ஏற்கவில்லை. கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதல் முதலமைச்சர் ஆனார். உடல்நலம் சரியில்லாமல் அவர் விலக, 1921 ஜூலையில் பனகல் அரசர் வந்தார்.

தியாகம் என்று பெயருக்கேற்ற மாதிரிப் புகழ்வார்கள். எனக்கு இதில் வேறொன்றும் தெரிகிறது. இரட்டை ஆட்சியில் நிதியும் போலீசும் வெள்ளைக்கார அதிகாரிகள் கையில். மந்திரிகளுக்குக் கிடைத்தது கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி. கையெழுத்துப் போடுவார்கள், பணப்பெட்டிச் சாவி வேறொருவரிடம். ரிப்பன் மாளிகையிலோ வரி வசூலிப்பதும் அவர்களே, செலவு செய்வதும் அவர்களே. 68 வயதில், முப்பத்தெட்டு வருஷம் காத்திருந்து கிடைத்த நாற்காலி அது. எது உண்மையான அதிகாரம் என்று கணக்குத் தெரிந்த ஒருவர் எதை வைத்துக்கொள்வார்? இது என் ஊகம்தான்.

மதிய உணவுத் திட்டத்தை உண்மையில் தொடங்கியவர் இவரா?

சென்னையில் ஓர் உள்ளாட்சி அமைப்பு தன் பணத்தில் செய்ததில் இதுதான் முன்னோடி. 1920 செப்டம்பர் 16 அன்று மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டது. ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி. செலவு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவைத் தாண்டக் கூடாது. ஓர் அணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு.

காரணமும் நடைமுறையானது. அந்தப் பகுதிப் பிள்ளைகள் பரம ஏழைகள், பசியோடு வந்தார்கள், இல்லாவிட்டால் வரவே இல்லை. பக்கத்தில் இருந்த மிஷனரிப் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் போய்விடுகிறார்கள் என்ற கவலையும் இருந்தது. தன் கடைக்கு வரும் கூட்டம் எதிர்க்கடைக்குப் போகிறதே என்று யோசிக்கிற மனசுதான் இதையும் யோசித்தது என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். பிள்ளைக்குச் சோறு கிடைத்ததா என்பதுதான் எனக்கு முக்கியம்.

கிடைத்தது. மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 1922-23-ல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-ல் 1,671 ஆனது. இரண்டே ஆண்டில் இரட்டிப்பு. அதற்குப் பிறகு நடந்ததுதான் வயிற்றெரிச்சல். ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இப்படிச் செலவு செய்யக் கூடாது என்று அரசாங்கம் ஆட்சேபித்தது. 1925 ஏப்ரல் 1 முதல் நிறுத்தப்பட்டது. அந்த மாதக் கடைசியில் தியாகராயரும் போய்ச் சேர்ந்தார்.

காமராசர் 1950-களில் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்ததும், எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக விரித்ததும் அளவில் பல நூறு மடங்கு பெரியவை. 'யார் முதல்' என்ற சண்டையில் ஒருவரை உயர்த்த இன்னொருவரைத் தட்டுவது அவசியமில்லை. ஆயிரம் விளக்கில் நடந்தது ஒரு சின்னச் சோதனை. அணாக் கணக்கில் எழுதி வைத்தார்கள், பலனும் எண்ணிக்கையில் தெரிந்தது. அதற்குரிய இடம் அதற்கு உண்டு.

'வெள்ளுடை வேந்தர்' என்று ஏன் சொல்கிறார்கள்?

வெள்ளை வேட்டி, வெள்ளைக் கோட்டு, தலைப்பாகை. அதைத் தவிர வேறு உடுப்பில் அவரைப் பார்த்தவர்கள் இல்லை என்பார்கள். வேல்ஸ் இளவரசர் 1922-ல் சென்னை வந்தபோது தலைவர் என்ற முறையில் வரவேற்க வேண்டியிருந்தது. அரசாங்க விழாவுக்குரிய உடுப்புக்கு மாறாமல் தன் வெள்ளை உடையிலேயே வர அவருக்கு விலக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. துணி வியாபாரி தன் உடம்பில் எதைப் போட்டுக்கொள்கிறார் என்பதில் பிடிவாதமாக இருந்தது எனக்கு நியாயமாகவே படுகிறது.

அந்த இளவரசர் வருகையின்போது அவர் வீடு தாக்கப்பட்டதா?

ஆம், 1922 ஜனவரி 13. ஒத்துழையாமை இயக்கம் உச்சத்தில் இருந்த நேரம். இளவரசர் வருகைக்கு எதிராக நகரில் கடையடைப்பு, ஊர்வலம், கல்வீச்சு. மவுண்ட் ரோடு வெலிங்டன் சினிமா கொட்டகை தாக்கப்பட்டது. தியாகராயர் வீட்டையும் கும்பல் சூழ்ந்து தாக்கியது. தன் ஊரில், தன் ஜனங்களே வீட்டு வாசலில் கல்லோடு நின்றது அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று யோசிக்கலாம். வெள்ளைக்கார அரசோடு அனுசரித்துப் போனதற்குத் தெரு கொடுத்த பதில் அது.

அவரிடம் குறையே இல்லையா?

இருக்கிறது. பெரிதாகவே இருக்கிறது.

1921-ல் பக்கிங்காம், கர்நாடிக் மில்களில் ஜூன் முதல் அக்டோபர் வரை வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்ப, சாதி இந்துத் தொழிலாளர்கள் வெளியே நிற்க, அது புளியந்தோப்புக் கலவரமாக வெடித்தது. குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. நீதிக்கட்சித் தலைவர்கள் சாதி இந்துக்கள் பக்கம் சாய்ந்தார்கள். அரசாங்கம் ஆதிதிராவிடர்களுக்குச் செல்லம் கொடுக்கிறது என்றார்கள். கட்சித் தலைவர் தியாகராயர். பொறுப்பு அவரைச் சேராமல் எங்கே போகும்? கட்சிக்குள் ஆதிதிராவிடர்களின் குரலாக இருந்த எம்.சி. ராஜா 1923-ல் வெளியேறினார். எல்லாச் சமூகத்துக்கும் பங்கு என்று 1916-ல் எழுதிய கட்சி, பங்கு கேட்டவர் தனக்குக் கீழே இருந்தபோது தடுமாறியது.

இன்னொன்று, முதல் மந்திரிசபையில் தமிழர் ஒருவர்கூட இல்லை என்ற முணுமுணுப்பு. தெலுங்கு பேசும் தலைவர்கள் கையில் கட்சி இருக்கிறது என்று தமிழ் உறுப்பினர்கள் வருந்தினார்கள். ஜமீன்தார்களும் வியாபாரிகளும் நிறைந்த கட்சி என்ற விமர்சனமும் பொய்யல்ல. ஓட்டுரிமையே சொத்துக்காரர்களுக்கு என்ற காலத்தில் அது எதிர்பார்க்கக்கூடியதுதான். அதற்காக சரியென்று ஆகிவிடாது.

திராவிட இயக்கத்தின் மூலவர் என்பதால் நாத்திகரா?

கிடையவே கிடையாது. பக்திமான், சடங்குகளில் நம்பிக்கை உள்ளவர். பெரியார் நீதிக்கட்சித் தலைமைக்கு வந்தது 1938-ல். அது திராவிடர் கழகமாக மாறியது 1944-ல். தியாகராயர் கட்சி கேட்டது உத்தியோகத்திலும் சட்டசபையிலும் பங்கு. சாமியைப் பற்றி அதற்குச் சண்டை இல்லை.

எப்போது இறந்தார்? நினைவாக என்ன இருக்கிறது?

1925 ஏப்ரல் 28, எழுபத்து மூன்று வயது முடிந்த மறுநாள். ரிப்பன் மாளிகை முன்னால் அவர் சிலை இருக்கிறது. தி.நகரில் ஊர்ப் பெயர் போக, பாண்டி பஜார் இருக்கும் தியாகராயா சாலையும் ஜி.என். செட்டி சாலையில் சர் பிட்டி தியாகராயர் அரங்கமும் உண்டு.

ஆனால் அவரைத் தேடிப் போகிறவர்களுக்கு நான் சொல்வது பழைய வண்ணாரப்பேட்டை. அங்கே 1950-ல் தொடங்கிய சர் தியாகராயா கல்லூரி இருக்கிறது. 2021-ல் மெட்ரோ ரயில் வடக்கே நீண்டபோது அந்தக் கல்லூரிப் பெயரிலேயே ஒரு சுரங்க நிலையமும் வந்தது. அங்கே ஏறினால் வண்ணாரப்பேட்டை, மண்ணடி, உயர் நீதிமன்றம், நான்காவதாக சென்ட்ரல். வெளியே வந்தால் பக்கத்திலேயே ரிப்பன் மாளிகை. பத்து நிமிஷப் பயணம்தான். அவருக்குக் குதிரை வண்டியில் இன்னும் கொஞ்சம் கூட ஆகியிருக்கும்.